பூசைக்கு முன் லைசென்ஸை விடுவிக்கவும்

முதலில் ஒரு வாக்கியத்தை மறந்துவிடுங்கள். 'உங்கள் சிரமத்தை நாங்கள் முழுமையாகப் புரிந்துகொள்கிறோம்.' வாடிக்கையாளர் சேவையில் சேர்ந்த முதல் நாளே இதைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். ஓய்வு பெறும்வரை கவனித்துக்கொண்டே இருந்தேன். இதைச் சொன்னவர்களில் ஒருவர்கூட எந்தச் சிரமத்தையும் புரிந்துகொண்டு நான் பார்த்ததில்லை. புரிந்துகொண்டவருக்கு இதைச் சொல்ல நேரம் இருக்காது, வேலை இருக்கும்.

நான் யார் என்று உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். வில்லியனூரில், கீழே டைல்ஸ் கடை, மேலே நம் அலுவலகம். வெளிநாட்டுக் கம்பெனிகளின் இசை மென்பொருளை இங்கே விற்றுக் கொடுக்கும் ஏஜென்சி. அதில் புகார் வந்து விழுகிற மேசை என்னுடையதாக இருந்தது, இப்போது உங்களுடையது. ஜன்னல் ஓரத்து நாற்காலி இன்னும் மாறவில்லை என்றால், அதன் இடது கை ஆடும். சாயாதீர்கள்.

நாம் விற்கிற சரக்கைப் பற்றி உங்கள் வீட்டில் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். எலெக்ட்ரிக் கிட்டார் தானாகப் பெரிய சத்தம் போடாது. கொசு அழுகிற மாதிரி ஏதோ கேட்கும், அவ்வளவுதான். அதை உறும வைக்க ஆம்ப் என்று ஒரு கனமான பெட்டி வேண்டும். அந்தப் பெட்டி செய்கிற வேலையைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே செய்துகாட்டும் மென்பொருளைத்தான் நாம் விற்கிறோம். சரக்கில் குறை சொல்ல மாட்டேன். கண்ணை மூடிக் கேட்டால் பெட்டி எது, கம்ப்யூட்டர் எது என்று எனக்கே தெரியாது.

ஆனால் பணம் கட்டியவன் முதல் சத்தத்தைக் கேட்பதற்குள் அவனைப் படுத்துகிற பாடு இருக்கிறதே, அது தனிக் கலை. நம் தளத்தில் ஒரு கணக்கு. அதை உறுதி செய்ய ஒரு மெயில். அதில் வரும் எண்ணை எடுத்துக்கொண்டு தயாரிப்பாளர் தளத்துக்குப் போனால் அங்கே இன்னொரு கணக்கு. அதற்குள் போனால் மென்பொருள் இருக்காது. மென்பொருளை இறக்கித் தருகிற இன்னொரு மென்பொருள் இருக்கும். அதை இறக்கினால், நான் பழசாகிவிட்டேன், முதலில் என்னைப் புதுப்பி என்று அது அடம்பிடிக்கும். எல்லாம் முடிந்து எண்ணைப் போட்டால், 'இந்த எண் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுள்ளது' என்று வரும். பயன்படுத்தியது யார்? அவன்தான், இரண்டு நிமிடம் முன்பு, பாதியில் நெட் போனபோது. இத்தனைக்கும் அந்த மனிதன் கேட்டது என்ன? கிட்டார் வாசிக்க வேண்டும் என்றான். விண்வெளிக்குப் போகிறேன் என்று சொல்லவில்லை.

வாங்குவதிலேயே வதைக்கிற வித்தையும் உண்டு. நல்லவாடு கிராமத்தில் சொந்தப் படகு வைத்திருக்கும் ஒருவர், கிட்டார்ப் பித்து பிடித்தவர், நம்மிடம் 'முழுத் தொகுப்பு' வாங்கினார். விளம்பரத்தில் கேட்ட சத்தம் அதில் இல்லை. அது 'இறுதித் தொகுப்பில்' இருக்கிறது என்றோம். மனிதர் அதையும் வாங்கினார். அடுத்த வாரமே 'இறுதித் தொகுப்பு பிளஸ்' வந்திருப்பதாக நம் ஆட்களே அவருக்கு வாழ்த்துச் செய்தி அனுப்பினார்கள். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"யக்கா, முழுசுக்கு மேல எறுதின்னீங்கோ. இப்ப எறுதிக்கு மேலயும் ஒண்ணு கீதுன்றீங்கோ. அதுக்கு மேல இன்னா வரும், கருமாதியா?"

இதற்கு உங்களிடம் இருக்கிற தயார் பதில்களில் ஒன்றும் பொருந்தாது, தேடிப் பார்க்க வேண்டாம். நான் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்து, "இனிமே எங்ககிட்ட இருந்து எது வந்தாலும் என்னைக் கேக்காம வாங்காதீங்க" என்றேன். விற்பனைப் பிரிவில் என்மேல் பாய்ந்தார்கள். பாயட்டும். ஒரு சரக்கை ஒரே மூச்சில் விளக்க முடியவில்லை என்றால் அதை விற்காதீர்கள் என்றுதான் உங்களுக்கும் சொல்வேன்.

சரி, நான் இதை எழுத உட்கார்ந்ததே தேவநாதனுக்காக.

தேவநாதன் குருவிநத்தத்துக்காரர். சொந்த நிலத்தில் கரும்பும் நெல்லும் போடுகிறவர். கல்யாணம், கோயில் விழா என்றால் ஒரு லைட் மியூசிக் குழுவில் லீட் கிட்டார். குழுவின் சொந்தக்காரர் கலியமூர்த்தி என்ற பாடகர். கையில் மைக் வந்துவிட்டால் ஊர்ப் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்லாமல் விடமாட்டார். மொத்தக் குழுவும் ஒரு குட்டியானை வண்டியில்தான் போய்வரும். ஸ்பீக்கர் பெட்டிகள் ஏறியபின் ஆம்ப் வைக்க இடமில்லை என்று கலியமூர்த்தி சொல்லிச் சொல்லி, கடைசியில் தேவநாதன் ஆம்பை விற்றுவிட்டு நம் மென்பொருளை வாங்கினார். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிடலாம், பாருங்கள். விளம்பரத்தில் நாமும் அதைத்தான் சொல்லியிருந்தோம்.

மாட்டுப் பொங்கல் அன்று மத்தியானம் அவர் கூப்பிட்டார். கிறிஸ்துமஸுக்கு நான் விடுப்பு எடுத்திருந்ததால் பொங்கலுக்கு அலுவலகம் என் தலையில். எங்கள் வீட்டிலும் பொங்கல் பொங்கத்தான் செய்தார்கள் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

"மேடம், மாடு கழுவிட்டு வந்து வாசிக்கலாம்னு ஒக்காந்தேன். ஆம்ப் தொறக்க மாட்டேங்குது. மூணு கம்ப்யூட்டர் ஆயிடுச்சி, இதுக்கு மேல கெடையாதுன்னு இங்கிலீஷ்ல போடுது. என்கிட்ட இருக்கறது ஒண்ணுதான் மேடம்."

நம் லைசென்ஸ் ஒன்றுக்கு மூன்று கம்ப்யூட்டர்தான் கணக்கு. சர்வரில் பார்த்தேன். மூன்றும் நிரம்பியிருந்தது. மேலாளரைக் கூப்பிட்டேன். அவர் என்னைவிட வயதில் மிகச் சின்னவர், வெளிநாட்டில் இருக்கும் நம் தலைமையகத்தில் பயிற்சி எடுத்தவர். அப்போது மாமியார் வீட்டு விருந்தில் இருந்தார்.

"மேடம், சர்வர்ல மூணு மெஷின் காட்டுதா?"

"காட்டுது சார்."

"அப்ப மூணு மெஷின்தான். எல்லாரும் ஒண்ணுதான் இருக்குன்னுதான் சொல்லுவாங்க. கூட வாசிக்கிற ஆளுங்களுக்கும் போட்டுக் குடுத்திருப்பாரு. இன்னொரு லைசென்ஸ் வாங்கச் சொல்லுங்க. பொங்கல் ஆஃபர் ஓடுதுல்ல."

இங்கேதான் உங்கள் புத்தி வேலை செய்ய வேண்டும். எதிரில் இருப்பவன் திருடனா இல்லையா? சர்வர் சொல்லாது. சர்வருக்கு எண்ணத்தான் தெரியும். நான் தேவநாதனைத் திரும்பக் கூப்பிட்டு, உங்கள் பெயரில் மூன்று கம்ப்யூட்டர் பதிவாகியிருக்கிறது என்றேன். அந்த மனிதர் உடனே கேட்டார்.

"அப்ப, என் பேர்ல வேற ரெண்டு பேர் எங்கியோ வாசிக்கிறாங்களா மேடம்?"

கொடுத்து மறைக்கிறவன் இப்படிக் கேட்க மாட்டான். அவர் குரலில் இருந்தது பயம். அந்த நொடியில் நான் முடிவு செய்துவிட்டேன், இவர் சொல்வது நிஜம். அதற்குப் பிறகுதான் சர்வரில் அந்தந்தப் பதிவின் தேதியைப் பார்த்தேன். உங்கள் மேலாளர்கள் இதை எப்போதும் தலைகீழாகச் செய்வார்கள், நீங்கள் செய்யாதீர்கள்.

முதல் பதிவு வாங்கிய அன்று. இரண்டாவது போன வருடப் போகி. மூன்றாவது ஆயுத பூசை. இப்போது நான்காவதாக வந்து கதவைத் தட்டியது இந்த வருடப் போகி.

"போகிக்கு லேப்டாப்ப இன்னா பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"எப்பவும் பண்றதுதான் மேடம். பாகூர்ல கடையில குடுத்து மொத்தமா அழிச்சிட்டு எல்லாத்தயும் புதுசா போட்டுக்குனு வந்துருவேன். ஆயுத பூசைக்கு ஒரு வாட்டி, போகிக்கு ஒரு வாட்டி. வூட்ட சுத்தம் பண்றோம், ட்ராக்டர சுத்தம் பண்றோம், அத மட்டும் அழுக்காவா வுட முடியும்?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தொழில் செய்கிற கருவியைத் துடைத்துப் பொட்டு வைப்பது நம் ஊரில் அத்தனை பேரும் செய்கிற காரியம். அவர் தன் கருவியைக் கொஞ்சம் ஆழமாகத் துடைத்துவிட்டார். ஒவ்வொரு முறை துடைத்தபோதும் நம் அருமை மென்பொருள் அதை ஒரு புதுக் கம்ப்யூட்டர் என்று எழுதிக்கொண்டது. அழிப்பதற்கு முன்னால் லைசென்ஸை விடுவிக்க ஒரு பொத்தான் இருக்கிறது. நான்காவது மெனுவுக்குள், 'கருவிகள்' என்பதற்குக் கீழே. அதைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் நாம். நாம் அப்போது 'பிளஸ்' விற்றுக்கொண்டிருந்தோம்.

"சனிக்கெழம ஆத்துத் திருவிழா, சாமியெல்லாம் ஆத்துல வந்து எறங்கும், நம்ம ஊர்லயே புரோக்ராம் மேடம்" என்றார். "புது வருசத்தன்னிக்கி ஒரு எடத்துல பாட்டு நடுவுல, மறுபடி பாஸ்வேர்டு போடுன்னு கேட்டு நின்னுப் போச்சி. கலியமூர்த்தி அண்ணன்தான் எல்லாருக்கும் நன்றி சொல்லிச் சமாளிச்சாரு. எறங்குனதும் சொல்லிட்டாரு. இன்னொரு தடவ மக்கர் பண்ணிச்சின்னா கீபோர்டுலயே கிட்டார் சத்தம் வச்சிக்கிறோம், நீ கரும்பு வெட்டப் போடான்னு."

கரும்பு வெட்டுவதில் அவருக்கு ஒன்றும் கேவலம் இல்லை, அவருடைய கரும்புதான். ஆனால் கல்லூரி நாளிலிருந்து அந்தக் குழுவில் வாசிக்கிறவர். சொந்த ஊர் மேடையில், சொந்த சனத்துக்கு முன்னால், கீபோர்டுக்கு இடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போவதென்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது. பார்த்தீர்களா, 'முழுமையாகப் புரிந்துகொள்கிறோம்' என்று நான் சொல்லவில்லை. "போனை ஆன்லயே வைங்க" என்று மட்டும் சொன்னேன்.

அன்றைக்கே அவர் பாகூர்க் கடைக்காரரிடமும் போயிருக்கிறார். கடைக்காரர் இளித்துக்கொண்டே, "காசு குடுத்து வாங்கறவன்தான்ணே அழறான். நான் ஓசியில ஒண்ணு போட்டுத் தரேன், யாரையும் ஒண்ணும் கேக்காது" என்றாராம். அது உண்மையும்கூட. திருட்டுப் பிரதி வைத்திருக்கிற ஒருவர்கூட என் பணிக்காலத்தில் எனக்குப் போன் செய்ததில்லை. நம் பூட்டெல்லாம் யோக்கியனைத் தடுக்கச் செய்த பூட்டு. தேவநாதன் வேண்டாம் என்று வந்துவிட்டார். "சாமி வந்து எறங்கற எடத்துல திருட்டுச் சாமான் வச்சி வாசிக்கக்கூடாது மேடம்" என்றார். இதைத் தலைமையகத்துக்கு மொழிபெயர்த்து அனுப்ப எனக்குத் தெரியவில்லை.

மற்றதை அனுப்பினேன். முதல் பதில் ஒரு நிமிடத்தில் வந்தது. படித்துவிட்டுப் போடுகிற பதில் ஒரு நிமிடத்தில் வராது. 'எங்களைத் தொடர்புகொண்டமைக்கு நன்றி. கீழ்க்கண்ட கட்டுரையைப் படிக்கவும்' என்றது. கட்டுரை, லைசென்ஸ் என்றால் என்ன என்பதைப் பற்றி. நான் மறுபடி எழுதினேன். ஐயா, இவரிடம் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். எங்கள் பக்கத்தில் வருடத்தில் ஒரு நாள் கருவிகளைச் சுத்தம் செய்து பூசை போடுவோம், இன்னொரு நாள் பழையதைக் கழிப்போம். இவர் இரண்டு நாளும் கம்ப்யூட்டரை அழித்து எழுதியிருக்கிறார். மூன்று பதிவும் ஒரே கருவிதான் என்று, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். மறுநாள் ஒரு மனிதரே பதில் போட்டார். பழைய கம்ப்யூட்டர்கள் இப்போது பயன்பாட்டில் இல்லை என்பதற்குச் சான்றாக, அவை அழிக்கப்பட்ட நிலையில் புகைப்படம் வேண்டும் என்றார்.

இல்லாத கம்ப்யூட்டரை எப்படி உடைத்துப் படம் எடுப்பது? நம் துறையில் இதற்குப் பெயர் நடைமுறை. தேவநாதனிடம் இருக்கிற ஒன்றையே படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மேல் மூடியில் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம், ஓரத்தில் போகிக்குப் பூசிய மஞ்சள். அடியில் இருக்கிற எண்ணையும் விடாமல் அதன்மேலும் ஒரு பொட்டு. தலைமையகம் பார்த்துவிட்டு, வரிசை எண்ணின்மேல் சிவப்பு நிறப் பொருள் ஒட்டியிருப்பதால் படிக்க இயலவில்லை என்றது. துடைத்து அனுப்பினோம். அதற்கு வந்த பதிலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். 'கோரிக்கை ஏற்கப்பட்டது. இரண்டு வேலை நாட்களில் பழைய பதிவுகள் நீக்கப்படும். எதிர்காலத்தில் பூசைக்கு முன் லைசென்ஸை விடுவிக்குமாறு வாடிக்கையாளருக்கு அறிவுறுத்தவும்.'

அறிவுரை சரியானதுதான், அதுதான் எரிச்சல். அந்த வருடம் தொடங்கி ஓய்வு பெறும்வரை ஆயுத பூசைக்கும் போகிக்கும் முந்தைய வாரம் உள்ளூர் வாடிக்கையாளர் எல்லாருக்கும் அந்த நான்காவது மெனுவைக் காட்டி நானே செய்தி அனுப்பினேன். நீங்களும் அனுப்புங்கள். மேலிடம் இதற்கு 'பண்டிகைக் காலப் பிரசாரம்' என்று பெயர் வைத்துத் தன் சாதனையில் சேர்த்துக்கொண்டது.

ஆனால் இரண்டு வேலை நாட்கள் என்றால், நடுவில் சனியும் ஞாயிறும். ஆற்றுத் திருவிழா சனிக்கிழமையே வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை அலுவலகத்தில் நானும் கடைகளில் செய்துகாட்டுவதற்கென்று இருக்கிற லேப்டாப்பும்தான். அதில் நம் மென்பொருள் இறுதி, பிளஸ் எல்லாம் சேர்த்து இருக்கும். மேலாளரைக் கூப்பிட்டேன்.

"சார், டெமோ லேப்டாப்ப எடுத்துக்குனு போறேன்."

"இன்னிக்கு எந்தக் கடையில மேடம் டெமோ?"

"கடையில இல்ல சார். குருவிநத்தத்துல, ஆத்தங்கரையில."

அவருக்கு விஷயம் புரிய ஒரு கணம் பிடித்தது. பிறகு பாலிசி என்றார், அனுமதி என்றார், பொறுப்பு என்றார். நான், "திங்கக்கெழமை மெமோ குடுங்க சார், வாங்கிக்கிறேன்" என்று வைத்துவிட்டேன். துணிச்சல் என்று நினைக்காதீர்கள். ஓய்வுக்குக் கொஞ்ச காலம்தான் இருந்தது, என்னை அவரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. இளையவர்கள் நீங்கள் செய்யும்போது யோசித்துச் செய்யுங்கள். ஆனால் செய்யுங்கள்.

அதில் ஒரு சிக்கல். டெமோ லைசென்ஸ் நம்மையே நம்பாத லைசென்ஸ். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நெட்டில் போய்க் கேட்டுக்கொண்டு வரும். திரை தூங்கி விழித்தாலும் கேட்கும். திருவிழாக் கூட்டத்தில் ஆற்றங்கரையில் சிக்னல் சுத்தமாக இருக்காது என்பது நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆகவே அலுவலகத்திலேயே திறந்து, மூடாமல், தூங்கவிடாமல் கொண்டுபோக வேண்டும். தூங்காமல் இருக்க உள்ளே மாற்றி வைக்கலாமே என்பீர்கள். மாற்றலாம். அதற்கு மேலாளரின் பாஸ்வேர்டு வேண்டும்.

கிட்டார் வயரைச் செருகுகிற சின்னப் பெட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, திறந்த லேப்டாப்பைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு பஸ் ஏறினேன். மடியில் வைத்து, விரலால் அதைத் தடவிக்கொண்டே போனேன். விரல் நின்றால் திரை மங்கும். பஸ் முழுக்கத் திருவிழாச் சனம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னாம்மா, பொங்கலுக்குக் கூடவா ஆபீஸு? பஸ்ஸுலயாவது மூடி வைக்கக் கூடாதா?"

"மூடினா தூங்கிடும்மா. தூங்கினா என்னை அடையாளம் தெரியாது."

அவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். டிக்கெட் வாங்க ஒரு கை, தடவ ஒரு கை. பாகூரில் இறங்கி ஷேர் ஆட்டோவில் ஏறியபோது பேட்டரி பாதிக்கும் கீழே. கூட்டத்தைப் பார்த்து ஆட்டோக்காரர் பாதி வழியிலேயே இறக்கிவிட்டார். பொரி, கரும்பு, சிறுவள்ளிக் கிழங்கு விற்கிறவர்களுக்கு நடுவில், மணலில், திறந்த லேப்டாப்போடு நடந்தேன். பேட்டரிக் குறி சிவப்பானது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, சொல்வதற்கென்ன. நல்ல மென்பொருள், நல்ல கிட்டார், நல்ல கை. நடுவில் இந்தக் கேவலம்.

மேடைக்குப் பின்னால் தேவநாதன் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளிறிப்போய் நின்றார். கீபோர்டுக்காரர் ஏற்கெனவே கிட்டார்ச் சத்தத்தை வைத்து வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது கிட்டார் மாதிரியே இருந்தது, பிளாஸ்டிக் பூ பூ மாதிரியே இருப்பதுபோல. கலியமூர்த்தி என்னையும் லேப்டாப்பையும் மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாடா தேவா, கம்பெனிக்காரம்மாவையே கூட்டாந்துட்டியா? ஆம்ப் வேலை செய்ய ஆள் வேற வரணுமா?"

"மொதல்ல கரண்டு குடுங்க. பேச்சு அப்புறம்" என்றேன். ஜெனரேட்டரிலிருந்து வயர் வந்து செருகியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த இடி, தேவநாதன் ஆயுத பூசைக்குப் பிறகு பார்த்துப் பார்த்துச் சேர்த்து வைத்திருந்த சத்தங்கள் எதுவும் இதில் இல்லை. அவை போகியன்று பாகூரில் அழிந்தவை. அவர் குனிந்து, திரையில் இருக்கும் குமிழ்களைக் காதாலேயே பார்த்துத் திருகினார். நான் திரை தூங்காமல் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். நிகழ்ச்சி முழுக்க என் விரல் அதன்மேல்தான் இருந்தது.

இரண்டாவது பாட்டிலோ மூன்றாவது பாட்டிலோ கிட்டார் தனியாக வருகிற இடம். தேவநாதன் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். அந்தச் சத்தம் ஆற்றைத் தாண்டி அந்தக் கரைக்குப் போயிருக்கும். கிழங்கு வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். அவர் முடிக்க வேண்டிய இடத்தில் முடிக்கவில்லை. கூட்டம் விசில் அடிக்க, கலியமூர்த்தி மைக்கை இறக்கிக்கொண்டு ஓரமாக நின்று வழிவிட்டார். கீபோர்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வருடம் இதைத்தான் விற்றிருக்கிறோம், இதைக் கேட்கவிடாமல்தான் தடுத்துக்கொண்டும் இருந்திருக்கிறோம் என்று ஆத்திரமாகவும் வந்தது.

முடிந்ததும் கலியமூர்த்தி தேவநாதன் முதுகில் தட்டினார். "அடுத்தது மண்ணாடிப்பட்டு. வந்துடுடா." பிறகு என் பக்கம் திரும்பி, கும்பிட்டு, துளியும் சிரிக்காமல் சொன்னார்.

"நீங்களும் வந்துடுங்கம்மா. வண்டில ஒங்களுக்கும் ஒரு எடம் போட்டுடறேன். நீங்க ஒக்காந்தாதான ஒங்க சாமான் வேலை செய்யுது."

நம் கம்பெனியைப் பற்றி இதைவிட நியாயமான மதிப்புரையை நான் படித்ததில்லை.

திங்கட்கிழமை மெமோ வந்தது. 'அலுவலக உடைமையை அனுமதியின்றி ஆற்றங்கரைக்குக் கொண்டு சென்றது' என்று குற்றம். லேப்டாப்பில் மணல் இருந்ததாகவும் எழுதியிருந்தார்கள், அது உண்மை. டெமோ லேப்டாப் அன்றிலிருந்து மேலாளரின் அலமாரிக்குள் போய்விட்டது. தலைமையகத்தின் இரண்டு வேலை நாட்கள் மெதுவாக நீண்டன. வேறு பிரிவுக்கு மாற்றியிருக்கிறோம் என்று ஒரு மெயில், அந்தப் பிரிவு விடுமுறையில் இருக்கிறது என்று இன்னொரு மெயில். மண்ணாடிப்பட்டு நிகழ்ச்சி வந்து போனது. தேவநாதனிடமிருந்து போன் வரவில்லை. நானும் கூப்பிடக் கூசிக்கொண்டு இருந்தேன்.

ஒருநாள் காலை பழைய பதிவுகள் மூன்றும் சர்வரிலிருந்து மறைந்திருந்தன. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். உடனே கூப்பிட்டேன்.

"தேவநாதன், வந்துடுச்சி. இப்பவே போட்டுப் பாருங்க, தொறக்கும்."

"அப்டியா மேடம், ரொம்ப சந்தோசம்" என்றார். அவருக்கு என்னைப் புண்படுத்த மனமில்லை, இழுத்தார். "ஆனா நான் ஒரு பழைய ஆம்ப் பெட்டி வாங்கிட்டேன் மேடம். மண்ணாடிப்பட்டுல அதுலதான் வாசிச்சேன்."

"வண்டில எடம் இல்லன்னு சொன்னாரே?"

"கலியமூர்த்தி அண்ணன்தான் ஒரு ஸ்பீக்கர எறக்கி வச்சிட்டு, அந்த எடத்துல ஏத்தச் சொன்னாரு. ஆத்தங்கரையில கேட்டதுலேர்ந்து அவுரு வுட மாட்டேன்றாரு." அதோடு சேர்த்துச் சொன்னார். "நல்லா இருக்கு மேடம். சுச்சிப் போட்டா பாடுது. நீ யாருன்னு கேக்கறதில்ல."

நான் போனை வைத்துவிட்டு மேலாளரிடம் போய், குருவிநத்தத்துப் புகாரை மூடிவிடலாம் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. 'தீர்க்கப்பட்டது. வாடிக்கையாளர் முழுத் திருப்தி' என்று தட்டிவிட்டு மூடினார். என் பணிக்காலத்தில் அந்த வாக்கியம் உண்மையாக இருந்தது அந்த ஒரு தடவைதான்.